சுக்கானில் சிக்கிய காற்று

நம் கல்லூரியின் விழா மலருக்குப் பழைய மாணவன் என்ற முறையில் ஏதேனும் எழுதி உதவுமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். கல்லூரியின் வரலாற்றையும் அதிபர்களின் தொண்டினையும் எழுதுவதற்குத் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். யான் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டமொன்றில் மருந்தாளனாகக் கழித்தவன். நான் எழுதப் புகுவது மோட்டார் வண்டியின் சுக்கானுக்கு எண்ணெய் வார்ப்பதைப் பற்றியது. இது விழா மலருக்கு ஏற்ற பொருளோ என்று வாசகர்கள் ஐயுறலாம். எனினும், நம் கல்லூரியின் விஞ்ஞான கூடத்தில் எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் ஒன்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இறக்குவானை மலைப்பாதையிலே நள்ளிரவில் என்னிடம் கணக்குக் கேட்டது. அக்கணக்கைத் தீர்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பௌதிக ஆசிரியர் ஒருநாள் இரண்டு கண்ணாடிப் பீச்சுகுழல்களை வகுப்புக்குக் கொண்டு வந்தார். ஒன்றில் நீரை நிரப்பி, அதன் வாயை என் விரலால் அடைக்கச் செய்து, மறு கையால் தண்டை அழுத்தச் சொன்னார். தண்டு அணுவளவும் அசையவில்லை. மற்றதில் காற்று மாத்திரம் இருந்தது. அதை அழுத்தியபோது தண்டு பாதிவரை இறங்கிற்று. கையை எடுத்தவுடன் துள்ளி மேலே வந்தது. பின்னர் முதற் குழலிலே நீரோடு சிறிது காற்றையும் சேர்த்துத் தந்தார். “இப்பொழுது அழுத்திப் பார்” என்றார். அழுத்தினேன். நீர் இருந்தும் தண்டு வழுவி இறங்கியது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் ஏற்றும் அமுக்கம் எல்லாப் பக்கமும் குறைவின்றிப் பரவும் என்ற பாஸ்கலின் தத்துவம் அன்றைய பாடம். எங்கள் பாடப்புத்தகத்திலோ அப்பெரியாரின் பெயர் ‘பசுக்கால்’ என்று தமிழாக்கப்பட்டிருந்தது. பசுவின் காலுக்கும் பீச்சுகுழலுக்கும் என்ன தொடர்பு என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டு, வகுப்புக்கு வெளியே நிற்க நேர்ந்தது. அவன் யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

1970ஆம் ஆண்டு நான் மருந்தாளர் பயிற்சி முடித்து, யாழ்தேவியில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து களனிப் பள்ளத்தாக்கின் சிறுபாதைப் புகையிரதத்தில் இரத்தினபுரி சென்று இறங்கினேன். இரண்டடி ஆறங்குல அகலமுள்ள அத் தண்டவாளம் அவிசாவளைக்கு அப்பால் எழுபதுகளிலேயே மூடப்பட்டுவிட்டது. பனையும் வெயிலும் கண்டு வளர்ந்த எனக்கு அந்த மழைநாடு முதலில் அச்சத்தையே தந்தது. ஒரு சரிவிலே இறப்பர், மறுசரிவிலே தேயிலை, கீழே வயல், வயலுக்கு நடுவே இரத்தினக்கல் அகழும் குழிகள். இவையனைத்தின் மேலும் ஓயாத மழை. பெல்மதுளையிலிருந்து இறக்குவானைக்கும், அங்கிருந்து புளுத்தோட்டைக் கணவாய் ஏறிச் சூரியகந்தை வழியாகத் தெனியாயவுக்கும் செல்லும் வீதியை அறிந்தவர்கள், வளைவு என்ற சொல்லுக்கு அங்கே உள்ள பொருளை அறிவார்கள். எங்கள் தோட்டத்துப் பாதை அவ்வீதியினின்றும் பிரிந்து, அதைவிடக் குறுகலாக மேலே ஏறும்.

பல ஆண்டுகள் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வைத்திருந்தேன். அதன் சுக்கானைத் திருப்புவதற்குத் தோள்வலிமை வேண்டும், வேறொன்றும் வேண்டுவதில்லை. 1998இல் கனடாவில் வாழும் என் தம்பி அனுப்பிய பணத்தின் உதவியால், யப்பானிலிருந்து வந்த டொயோட்டா கொரோலா ஒன்றை வாங்கினேன். ஒரு விரலால் அதன் சுக்கானைத் திருப்பலாம். ‘பவர் ஸ்டியரிங்’ என்று யாவரும் சொல்லும் அவ்வசதியை நான் அன்றுதான் முதன்முதலில் அனுபவித்தேன்.

இதன் பிறப்புக் கதை சுவையானது. அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ என்னும் கம்பனியின் பாரவண்டிப் பகுதியில் எந்திரியாக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர், பாரமேற்றிய வண்டிகளைத் திருப்பச் சாரதிகள் படும் பாட்டைக் கண்டு, வேலையை விட்டு இதிலே இறங்கினார். 1926இல் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் சுக்கானை அவர் ஓட்டிக் காட்டினார். ஆனால் மகாயுத்தத்தில் கவச வண்டிகளுக்கு அது தேவைப்படும் வரையில் அதை நாடுவார் அருகியே இருந்தனர். விற்பனைக்கு வந்த மோட்டார் கார் ஒன்றில் அது முதன்முதல் அமைந்தது 1951இல், கிறைஸ்லர் கம்பனியின் இம்பீரியல் என்னும் வண்டியில். கால் நூற்றாண்டுக் காத்திருப்பு அது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். எஞ்சின் சுழற்றும் பட்டியொன்று ஒரு சிறிய பம்பியைச் சுழற்றுகிறது. பம்பி, தாங்கியிலுள்ள எண்ணெயை உறிஞ்சித் தடித்த குழாய் வழியே சுக்கான் பொறிக்கு அனுப்புகிறது. நாம் சுக்கானைத் திருப்பும்போது அங்குள்ள வால்வு திறந்து, சில்லுகளைத் திருப்பும் தண்டின் ஒருபக்கத்திற்கு எண்ணெயை விடுகிறது. அது தண்டைத் தள்ளுகிறது. மறுபக்கத்து எண்ணெய் மெல்லிய குழாயால் தாங்கிக்குத் திரும்புகிறது. சதுர அங்குலம் ஒன்றுக்கு ஆயிரம் இறாத்தல் என்ற அளவிலே அமுக்கம் எழும். ஒரு லீற்றர் அளவான செந்நிற எண்ணெய், மனிதத் தோள் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. எண்ணெய் அமுங்காத பொருளாகையால் இது இயல்கிறது. அதிலே காற்று புகுமாயின் அது நுரைத்த எண்ணெயாகும், நுரை அமுங்கும். ஆசிரியர் தந்த மூன்றாவது பீச்சுகுழல் அதுவே.

2001ஆம் ஆண்டு ஆனி மாதம், தென்மேல் பருவமழை உச்சத்திலே இருந்தபோது, அந்தத் தடித்த குழாய் பொருத்துவாயில் வெடித்து எண்ணெய் முழுவதும் வழிந்துவிட்டது. வண்டியை ஒருவாறு கீழுள்ள பட்டினம் ஒன்றுக்குக் கொண்டுபோய், அங்குள்ள கராஜ் ஒன்றில் விட்டேன். புதிய குழாய் பூட்டினார்கள். தாங்கி நிறைய எண்ணெய் வார்த்து, உடனே எஞ்சினை இயக்கி, இருமுறை சுக்கானைத் திருப்பிப் பார்த்து, சரி என்றார்கள். அப்பொழுதே முன்புறத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. “அது ரெண்டு நாள் ஓடினாச் சரியாப் போயிரும், ஐயா” என்றார்கள். அவர்களை மாத்திரம் குறை கூறுதல் தகாது. பிற்பகல் நோயாளரைப் பார்க்கும் நேரம் தவறுகிறதே என்று வாசலிலே நின்று அவசரப்படுத்தியவன் நானே.

எண்ணெய்த் தாங்கியைப் பார்த்தேன், மேற்குறிவரை நிறைந்திருந்தது. அதன் நிறம் சிவப்பாக இல்லாமல், பாலும் தேயிலைச் சாயமும் கலந்தாற்போல் வெளிறியிருந்ததையும் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருளை எண்ணவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது இதுவே. முப்பது ஆண்டுகளாக, நாள்தோறும், ஊசி ஏற்றுமுன் குழலை நிமிர்த்தி, விரலாற் சுண்டி, குமிழியை மேலே ஏற்றி, ஒரு துளி மருந்தோடு காற்றை வெளியேற்றிய கை என் கை. காற்று இருக்கக் கூடாத இடத்தில் காற்றைத் தேடுவது என் தொழில். அத்தொழிலை மோட்டார் வண்டியின் மூடிக்குள் செலுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு பதினொரு மணியளவில் மேற்கணக்கு லயத்திலிருந்து ஆள் வந்தது. இளம்பெண்ணுக்குத் தலைப்பிரசவம், நீர்க்குடம் உடைந்து வெகுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவிச்சி பரிசோதித்துவிட்டு, வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே வழி என்றார். தோட்டத்து லொறி தேயிலையேற்றிக் கொழும்புக்குப் போயிருந்தது. பெண்ணைப் பின்னாசனத்தில் கிடத்தி, மருத்துவிச்சியை அருகில் இருத்தி, அவள் கணவனை முன்னே ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

முனகல் இப்பொழுது ஓலமாக மாறியிருந்தது. “டாக்டரையா, வண்டி ஏன் இப்புடிச் சத்தம் போடுது?” என்று அந்தப் பையன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. நடந்தது என்னவென்று பின்னரே விளங்கியது. கராஜில் நாங்கள் பார்த்த நிறைவு, நுரையின் நிறைவு. நுரை அடங்கியபோது எண்ணெய் மட்டம் தாழ்ந்துவிட்டது. செங்குத்தான இறக்கத்திலே தாங்கி சரிந்தபோது, பம்பி எண்ணெயோடு மேலும் காற்றையும் உறிஞ்சத் தொடங்கிற்று. மூன்றாவது வளைவில் சுக்கான் திடீரென்று கல்லாயிற்று. முழு வலிமையையும் கூட்டித் திருப்பினேன். அந்தக் கணத்திலேயே உதவி மீண்டும் வந்தது. நான் கொடுத்த வலிமையும் எண்ணெயின் வலிமையும் ஒன்றாகச் சேர்ந்து, வண்டியை ஒரே வீச்சில் மலைப்பக்கம் திருப்பிவிட்டன. இடது முன்சில்லு வடிகானுக்குள் விழுந்தது.

மறுபக்கம் திரும்பியிருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. அப்பக்கத்தில் வேலி கிடையாது.

பவர் ஸ்டியரிங் முற்றாகச் செயலிழந்தாலும் சுக்கான் அறுந்துபோவதில்லை; பழைய மொறிஸைப் போலத் தோள்வலியால் திருப்பலாம். அப்படி முற்றாகச் செத்திருந்தால் நான் அதற்கேற்ப ஓட்டியிருப்பேன். வருவதும் போவதுமாக இருந்ததே ஆபத்தாயிற்று. அந்தப் பையன் மழையில் மேலே ஓடி, அயல் லயத்தாரைக் கூட்டி வந்தான். எட்டுப்பேர் தூக்கி வண்டியைப் பாதையில் வைத்தார்கள். அதற்குச் சென்ற நேரம் நாற்பது நிமிடத்துக்குக் குறையாது. பின்னாசனத்தில் அந்தப் பெண் ஒருமுறையும் அலறவில்லை. மருத்துவிச்சி மாத்திரம் அடிக்கடி என் முகத்தைப் பார்த்தார். எஞ்சியிருந்த வழியை நடை வேகத்தில் கடந்து இறக்குவானை வைத்தியசாலையை அடைந்தோம். விடியுமுன் பிள்ளை பிறந்தது, ஆண் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை. வைத்தியர் அதை ஏந்தி நின்ற சில நிமிடங்களில் நான் சுவரிலுள்ள மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னர் அழுதது.

தோட்டத் தேயிலைத் தொழிற்சாலையின் பொறிகளைப் பார்த்து வந்தவரை எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைப்பர். லயத்திலே பிறந்தவர், தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 1981 ஆவணியில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது அவருடைய வீடும் எரிந்தது. தொழிற்சாலையில் வைத்திருந்த சாவிப் பெட்டி மாத்திரமே அவருக்கு எஞ்சிய உடைமை. அப்பெட்டியுடன் மறுநாள் காலை என் வாசலுக்கு வந்தார். மூடியைத் திறந்து எண்ணெயைப் பார்த்தார். “காத்து உள்ள இருக்கு, டாக்டரையா. ஊசி போடுறப்ப நீங்க வெளியாக்குவீங்களே, அதே காத்துத்தான்” என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. எனக்குத்தான் அது சுட்டது.

அவர் செய்த முறையை விரிவாகவே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இன்றும் பலர் இருப்பர். முதலில், திரும்பிவரும் மெல்லிய குழாயைக் கழற்றிப் பழைய எண்ணெயைத் தகரமொன்றில் வடித்தார். ஒரு துளியும் நிலத்தில் விழ விடவில்லை. கீழ் லயத்தார் குடிக்கும் பீலி அந்தச் சரிவிலேதான் இருந்தது. எண்ணெய் எது என்பதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். என் வண்டிக்கு உரியது டெக்ஸ்ரன் என்னும் வகையைச் சேர்ந்த, தானியங்கிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. ஹொண்டா வண்டிகளுக்கு வேறு எண்ணெய் உண்டு. பிரேக் எண்ணெயை மறந்தும் இதிலே ஊற்றலாகாது. உள்ளேயுள்ள இறப்பர் அடைப்புகள் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்து, பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, முன்பகுதியை ஜாக்கால் உயர்த்தி, மரக்கட்டைகளின்மேல் இருத்தினார். சில்லுகள் நிலத்தைத் தொடாவிடின் சுக்கான் எளிதிலே திரும்பும். எஞ்சினை இயக்க வேண்டிய தேவை இல்லை. கராஜில் தவறியது இந்த இடத்திலேதான். எஞ்சினை இயக்கினால் பம்பி காற்றையும் எண்ணெயையும் தயிர் கடைவது போலக் கடைந்து, எண்ணற்ற நுண்குமிழிகளாக்கிவிடும். பிறகு அவை எளிதில் பிரியா. எஞ்சின் ஓயாமல் ஓய்ந்திருக்க, நான் சாரதி ஆசனத்தில் அமர்ந்து, அவர் சொன்னபடி சுக்கானை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்பினேன். “மெதுவா, ஐயா, மெதுவா. பிள்ளைத் தொட்டில ஆட்டுற மாதிரி” என்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் தாங்கியில் பெரிய குமிழிகள் எழுந்து உடைந்தன, மட்டம் தாழ்ந்தது, அவர் எண்ணெய் வார்த்தார். பம்பி எக்காரணத்தாலும் காற்றை உறிஞ்சாதபடி மட்டத்தைக் காப்பதே அவருடைய கருத்து. இருபது தரத்துக்கு மேல் திருப்பியிருப்பேன். பிரேக்கில் காற்றை வெளியேற்றச் சில்லுதோறும் சிறு திருகாணி உண்டு. பெரும்பாலான கார்களின் சுக்கானுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வந்த வழியாகிய தாங்கியினூடாகவே காற்றும் போகவேண்டும். அதனாலே பொறுமை தவிர வேறு கருவி இதற்குக் கிடையாது.

குமிழிகள் நின்றன. இனி எஞ்சினை இயக்கலாம் என்று திறப்பில் கை வைத்தேன். “இல்லீங்க. இப்புடியே கெடக்கட்டும். நாளைக்குக் காலையில பாப்போம்” என்று சொல்லிவிட்டு, சாவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. லொறி அன்று மாலையே திரும்பிவிட்டது. ஆகவே நோயாளரைக் கொண்டுபோக வழி இல்லாமல் இல்லை. ஆயினும், மரக்கட்டையின் மேல் நிற்கும் வண்டியைச் சாளரத்தினூடே பார்த்துக்கொண்டு, யாராவது வந்து கதவைத் தட்டுவார்களோ என்று செவி கொடுத்துக் கிடந்தேன். விரைவு வேண்டிய தொழிலிலே இருப்பவனுக்குக் காத்திருத்தல் கடினமானது. ஒருவரும் வரவில்லை.

காலையில் எண்ணெய் மாதுளைச் சாறுபோலத் தெளிந்திருந்தது. மட்டம் விரலளவு தாழ்ந்திருந்தது, வார்த்தார். வண்டியை நிலத்தில் இறக்கி எஞ்சினை இயக்கச் செய்தார். வேகத்தைக் கூட்ட விடவில்லை. இடக்கோடியில் இரண்டு மூன்று வினாடி, வலக்கோடியில் இரண்டு மூன்று வினாடி. அதற்குமேல் கோடியில் பிடித்துவைத்தால் பம்பி கொதித்துப்போகும் என்றார். பல தரம் அவ்வாறு செய்தபின் முனகல் நின்றுவிட்டது. நான் எழ முயன்றேன். “இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு” என்று, எஞ்சின் ஓடும்போது எண்ணெய் நின்ற மட்டத்திலே தீக்குச்சியாற் கோடிட்டார். “இப்ப நிறுத்துங்க.” நிறுத்தினேன். மட்டம் மயிரிழையே உயர்ந்தது. உள்ளே காற்று இருந்தால், அமுக்கம் நீங்கியவுடன் அது விரிந்து எண்ணெயை மேலே தள்ளும். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் வேலை முடியவில்லை என்பது பொருள். பிற்காலத்தில் டொயோட்டாக் கைந்நூலை வாங்கிப் பார்த்தபோது அதே ஐந்து மில்லிமீற்றர் அங்கே அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்தறியாத அவர் அதை எங்கே கற்றார் என்று கேட்டேன். முன்னொருநாள் கொழும்பிலிருந்து தொழிற்சாலைக்கு வந்த எந்திரி ஒருவரின் காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னார்.

கூலி வாங்க மறுத்துவிட்டார். தகரத்தில் இருந்த பழைய எண்ணெயை மாத்திரம், துருப்பிடித்த சங்கிலிக்குப் பூசலாம் என்று கேட்டு எடுத்துப் போனார். அவர் 2009இல் காலமானார்.

இன்று என் மகன் ஓட்டும் வண்டியிலே சுக்கானுக்கு மின்மோட்டார். எண்ணெயும் இல்லை, பம்பியும் இல்லை, வெளியேற்றக் காற்றும் இல்லை. என் கொரோலாவை 2013இல் இளம் ஆசிரியர் ஒருவருக்கு விற்றேன். அவர் பணத்தை எண்ணித் தந்துவிட்டுத் திறப்பைக் கேட்டார். சற்றுப் பொறுக்கச் சொல்லி, மூடியைத் திறந்து, எஞ்சினை இயக்கித் தாங்கியில் ஒரு கோடு கீறினேன். பின்னர் அவரைச் சுக்கானில் அமர்த்தி, இருபக்கமும் மெல்லத் திருப்பி, எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். மருந்துக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் நினைத்திருக்கக் கூடும். நான் மின்சூளைப் பிடித்துக் குனிந்து நின்றேன். எண்ணெய் கோட்டிலேயே நின்றது. திறப்பை அவரிடம் கொடுத்தேன்.